வசந்தா கல்யாண ரோல்

புது ஃபிலிம் ரோல் டப்பாவின் மூடியைக் கட்டைவிரலால் நெம்பினால் 'டொப்' என்று ஒரு சத்தம் வரும்... கூடவே லேசாக ஒரு மருந்து வாசனை. எனக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும்.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். போனில் மெதுவாகத்தான் எழுத வரும். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் திருத்தணியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தது இந்த வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும். மாமன் மகன் என்பதால் சின்ன வயசிலிருந்தே அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகியும் அது மாறவில்லை.

பாவா போய் ஆறு மாசம் ஆகிறது.

நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் எங்களுக்குச் சோறு போட்டது மலைமேல் கோவிலில் நடக்கிற கல்யாணங்கள்தான். முகூர்த்த நாளில் ஒரே நேரத்தில் எத்தனையோ ஜோடி நிற்கும். நானும் கூடவே போவேன். பெண்ணுக்குப் புடவை மடிப்பு சரிபண்ணுவது, பூ நழுவினால் குத்திவிடுவது, படம் தீர்ந்ததும் கேமராவில் அடுத்த ரோல் மாட்டித் தருவது... இதெல்லாம் என் வேலை.

அந்த நெரிசலிலும் பாவா குரல் தனியாகக் கேட்கும்.

"மாப்ள, மூஞ்சத் தூக்குப்பா! தாலி கட்றியா, மூட்ட கட்றியா?"

கூட்டமே சிரிக்கும். அந்தச் சிரிப்பிலேயே ஒரு படம் எடுத்துவிடுவார்.

ரோல் மாட்டுவதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஃபிலிம் நுனியை அந்தப் பக்கத்து உருளையில் செருகி, மூடி, இரண்டு தடவை சுற்ற வேண்டும். அப்போது மேலே இருக்கிற குமிழும் சேர்ந்து திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் ஃபிலிம் மாட்டிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். எண் மட்டும் ஒன்று, இரண்டு என்று ஓடிக்கொண்டிருக்கும்... உள்ளே படம் ஒன்றும் விழாது.

"குமிழப் பாக்காம என் கையில குடுக்காத" என்று பாவா எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

பல வருஷத்துக்கு முந்தி ஒரு முகூர்த்தத்தில் அம்மையார்குப்பம் வசந்தாவின் கல்யாணம். தறி ஓட்டுகிற வீடு. அவள் நைனாவுக்கு, அதான் அப்பாவுக்கு, மூச்சு வாங்கும் வியாதி. மற்ற சடங்குக்கெல்லாம் படுத்தே இருந்தவர், தாலி கட்டுகிற நேரத்துக்கு மட்டும் வேனில் மலைக்கு வந்தார். தலையில் புதுத் தலைப்பா.

என்னைக் கிட்டே கூப்பிட்டார். "யம்மா, என்ன இதுவரிக்கும் யாரும் போட்டோ புடிச்சதில்ல. மூக்கு கொஞ்சம் சின்னதா வர்ற மாதிரி புடிக்கச் சொல்லு."

அந்த நேரம் பார்த்து ரோல் தீர்ந்து, பாவா கேமராவை என் கையில் கொடுத்தார். புதுசு மாட்டினேன். கெட்டிமேளம் ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்குக் கால் நிற்காது... தாலி கட்டுவதைக் கிட்டேயிருந்து பார்க்க வேண்டும். மூடி, சுற்றி, கொடுத்துவிட்டு ஓடினேன்.

குமிழைப் பார்க்கவில்லை.

தாலி கட்டியது, நைனா மகள் தலையில் கை வைத்து அழுதது, எல்லாரும் சேர்ந்து நின்றது... அத்தனையும் அந்த ஒரு ரோலில்.

சாயங்காலம் கடையில் ரோலைத் திருப்பிச் சுற்றும்போது பாவா கை நின்றுவிட்டது. சுற்றுகிற கைக்கு ஃபிலிம் இழுக்கிற கனமே இல்லை. என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

"காலையிலயே அம்மையார்குப்பம் போய்ச் சொல்லிர்றேன் எஸ்தரு. அந்தப் பெரியவரயாவது ஒரு படம் புடிச்சிகினு வந்துர்றேன்."

நான்தான் தடுத்தேன். "வேணா பாவா. கல்யாண வூடு, சொந்தக்காரங்கல்லாம் இருப்பாங்க. மானம் போய்டும். ஒரு வாரம் போவட்டும்."

ஆறாம் நாள் வசந்தாவும் அவள் அண்ணனும் கடை வாசலில் நின்றார்கள். வசந்தாவுக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"நைனா போய்ட்டாருங்க" என்றான் அண்ணன். "மால போட ஒரு படம் வேணும். தலப்பாவோட எடுத்தீங்களே..."

நான் உள்ளே திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"அந்த ரோல்ல ஒண்ணும் வுழலப்பா. நான் சரியா மாட்டல. என் தப்புதான்" என்றார் பாவா.

 வசந்தா கத்தினாள். "நீயெல்லாம் இன்னாத்துக்குய்யா கேமராவத் தூக்கிகினு திரியற?"

பாவா குனிந்த தலையோடு நின்றார். திரையை விலக்கிக்கொண்டு வர எனக்கு நாலு அடிதான்... வரவில்லை.

அவர்கள் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னீங்க என்று அழுதேன்.

"ஓம் பேரச் சொன்னா மட்டும் அவங்க நைனா படம் வந்துருமா? வுடு. போய் டீ போடு."

அதற்கப்புறம் அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு கல்யாணம்கூட வரவில்லை. பொதட்டூர்பேட்டை வரைக்கும் 'வெத்து ரோல்காரர்' என்று பேர் போய்விட்டது. டீக்கடையில் யாராவது அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணினால், "ஆங், அந்த ஆளு நான்தான்" என்று சிரித்துக்கொள்வார்.

ஆனால் அடுத்த முகூர்த்தத்திலும் ரோல் மாட்டக் கேமராவை என் கையில்தான் கொடுத்தார். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போதெல்லாம் எடுத்த கையோடு பார்த்துவிடுகிறார்கள். கண் மூடியிருந்தால் உடனே இன்னொன்று. அன்றைக்கு அப்படி இருந்திருந்தால் மலைமேலேயே தெரிந்திருக்கும், மலைமேலேயே சரியாகியிருக்கும்.

போன வாரம் கடைத்தெருவில் வசந்தாவைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேள்விப்பட்டேன்க்கா. நல்ல மனுசன். என்னமோ அன்னிக்கு ஒரு தப்பு பண்ணிட்டாரு... நானும் வாய்க்கு வந்தத பேசிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆங்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மனுசன் போன பிறகும் பழியை அவர் தலையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

தன் பெண்ணும் இந்தக் குழுவில் இருப்பதாக வசந்தாதான் சொன்னாள். கண்ணு, உன் பேர் எனக்குத் தெரியாது. அந்த ரோலை மாட்டியது அவர் இல்லை, நான். மறுநாளே போகிறேன் என்றவரைப் போக விடாமல் பண்ணியதும் நான்தான். உங்க அம்மாவை உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டு. திட்ட வேண்டும் என்றால் என் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டட்டும்...

காலையில் வீட்டில்தான் இருப்பேன்.