மொட்டைக் கார்

என் மனைவிக்கு வாகனம் ஒத்துவராது, வாந்தி வரும். கலியாணம் பேசிய அன்றே அவளுடைய அப்பா இதைச் சொல்லிவிட்டார். வயல், வளவு, நகை எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் சொன்னார். “பிள்ளைக்கு பஸ்ஸில ஏறினால் சத்தி வரும் தம்பி. மற்றபடி ஒரு வருத்தமும் இல்லை” என்றார். எனக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை. எனக்குத் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் வீடு. கடையும் கோயிலும் நடக்கிற தூரம். இவளை எதற்கு பஸ்ஸில் ஏற்றப்போகிறேன் என்று நினைத்தேன். பெண்ணின் ஊர் ஈச்சிலம்பற்று என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை.

அந்த நாளில் திருகோணமலையில் லோஞ்சு ஏறி மூதூருக்குப் போய், அங்கிருந்துதான் அவளுடைய ஊருக்குப் போகவேண்டும். மாரிக் கடலில் லோஞ்சு எழும்பி எழும்பி விழும். நான் கம்பியைப் பிடித்தபடி எல்லாத் தெய்வங்களையும் கூப்பிடுவேன். அவள் காலை நீட்டியிருந்து கச்சான் கடலை உடைத்துத் தின்பாள். மூதூரில் மாமா உழவு மெசினோடு நிற்பார். மெசினுக்குப் பின்னால் பூட்டிய பெட்டிக்குள் நெல்லு மூட்டைகளுக்கு மேல் ஏறி இருந்து, குலுங்கிக் குலுங்கி ஊர் போய்ச் சேருவாள். ஒன்றும் ஆகாது. ஆனால் பஸ்ஸில் ஏற்றினால், மூக்கில் புளித் தேசிக்காயை வைத்து மணந்துகொண்டு கண்ணை மூடுவாள். சீனக்குடா வருவதற்கு முன் எல்லாம் முடிந்துவிடும். கொண்டக்டர்மாருக்கு இவளைத் தெரியும். முன்கதவுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டுத் தள்ளி நிற்பார்கள்.

சண்டை நடந்த காலத்தில் போக்குவரத்து இல்லை. மாமாவும் ஊரை விட்டு ஓடி, முகாமில் இருந்து, திரும்பிப் போய் இடிந்த வீட்டைத் தானே கட்டிக்கொண்டார். எங்களோடு வந்து இருங்கள் என்று கேட்டால், உங்கள் வீட்டில் காற்று இருக்கிறது, வயல் இல்லையே என்பார். மாமி முன்னமே போய்விட்டா. தனி மனிதர். பிறகு சண்டை ஓய்ந்தது, ஆறுகளுக்கு மேலே பாலங்கள் வந்தன, சனம் எல்லாம் தரைவழியால் போய்வரத் தொடங்கியது. பாலங்களை ஊரே கொண்டாடியது. என் வீட்டில் ஒருத்தி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். லோஞ்சில் ஆட்கள் குறைந்துபோனார்கள். மூதூருக்கு வந்து மகளை ஏற்றிப்போக மாமாவுக்கும் உடம்பில் தெம்பு இல்லை. ஆட்டோவில் ஒருமுறை போய்ப் பார்த்தோம். அதன் புகையே அவளுக்குப் போதும், கிண்ணியாவோடு திரும்பினோம். மோட்டார் சைக்கிளில் ஒருமுறை போனோம். இரண்டு பேருக்கும் இடுப்பு விட்டுப்போனது. அப்பாவை உயிரோடு இன்னும் எத்தனை தரம் பார்க்கப்போகிறேனோ என்று குசினிக்குள் நின்று தனக்குத்தானே சொல்லுவாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

நான் யோசித்தேன். லோஞ்சில் இல்லை, மெசின்பெட்டியில் இல்லை, பஸ்ஸில்தான் சத்தி. அப்படியென்றால் வியாதி வாகனத்தில் இல்லை, கூரையில் இருக்கிறது. இந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கூரை இல்லாத கார் ஒன்றைத் தேடத் தொடங்கினேன்.

கடைசியில் கிடைத்தது ஒரு பழைய இங்கிலாந்துக் கார். முன்னுக்கு இரண்டு பேர், பின்னுக்கு நெருக்கி இருந்தால் இரண்டு பேர். மேலே கன்வஸ் துணிக் கூரை, மூன்று இரும்பு வளையத்தில் மடிந்து பின்பக்கம் விழும். இந்தத் துறைமுகத்தில் இருந்த வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி ஒருவர் விட்டுவிட்டுப் போனது என்று விற்றவர் சொன்னார். நான் நம்பவில்லை. ஆனால் கேட்ட ஆட்கள் எல்லாருக்கும் நானும் அப்படியே சொன்னேன். ஊர் அதற்கு வைத்த பெயர் மொட்டைக் கார். “மொட்டைக்கார் வீடு எது?” என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கைகாட்டும்.

கடலோரத்தில் துணிக் கூரையோடு ஒரு காரை வைத்திருப்பது, வீட்டில் பச்சைக் குழந்தையை வைத்திருப்பது மாதிரி. உப்புக் காற்று வளையங்களின் மூட்டுகளைத் தின்னும். மூட்டுகள் வழுக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் விட்டேன். காலையில் பார்த்தால் ஓர்ஸ் ஹில்லில் உள்ள எறும்பெல்லாம் கூரைக்குள் குடியிருந்தது. பின்கண்ணாடி என்பது கண்ணாடியே அல்ல, பிளாஸ்டிக் தாள். அது மஞ்சளாகி, பூ விழுந்த கண்ணாகப் போய்விடும். பற்பசை போட்டுத் தேய்த்தால் தெளியும். தேய்ப்பேன். இவள் வாசலில் நின்று, உங்கள் பல்லுக்குக்கூட இவ்வளவு செலவழிப்பதில்லை என்பாள். எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்களைப் பற்றி வெளியூர் ஆட்கள் அழகாகப் பேசுவார்கள். அவர்களிடம் கன்வஸ் கூரை இல்லை. ஒருநாள் கேற் திறந்து கிடந்தபோது ஒரு மான் உள்ளே வந்து, உப்புப் படிந்த துணி ருசியாக இருந்ததோ என்னவோ, ஓரத்தை ஒரு முழத்துக்குச் சப்பித் தின்றுவிட்டது. நான் கத்திய கத்தலில் அது ஓடவில்லை. நின்று விழுங்கிவிட்டுத்தான் போனது.

தண்ணீர் இறங்காமல் இருக்கத் துணிக்கு ஏதாவது பூசவேண்டும். சல்லி என்ற மீன்பிடி ஊரில் வள்ளம் வைத்திருந்த நண்பர் ஒருவர் சுறா எண்ணெய் தந்தார். வள்ளத்துப் பலகைக்குப் பூசுவதுதானே, இதற்கும் நிற்கும் என்றார். நின்றது, தண்ணீர் துளிகூட இறங்கவில்லை. ஆனால் அக்கம்பக்கத்துப் பூனைகள் எல்லாம் காரைச் சுற்றி வந்து காவல் இருந்தன. அந்த நாற்றத்தில் அவள் கார் ஏறுவதற்கு முன்னமே சத்தி எடுத்தாள். அந்தக் காரால் அவளுக்கு வந்த ஒரே சத்தி அதுதான். எனக்கும் வந்தது.

கடைசியில் கூரையைக் கழற்றி எறிந்துவிட்டு, கிண்ணியாவில் லொறிகளுக்குத் தறப்பாள் தைக்கிற முஸ்லிம் நானா ஒருவரிடம் போனேன். பச்சைத் துணிதான் மலிவு என்று நான் பார்க்க, “பச்சை வேணா சேர், ஆமிட லொறி எண்டு நினைப்பாங்க” என்று சொல்லி மண்ணிறத்தில் தைத்துத் தந்தார். இவ்வளவு பாடு ஏன், மேலே தகரம் அடித்து ஒட்டிவிட்டால் ஆயுளுக்கும் நிற்குமே என்றும் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மனைவியின் கதையைச் சொன்னேன். மனுசன் சிரிக்கவில்லை. கொக்கிகளை இன்னும் லேசாகத் திறக்கிற மாதிரி மாற்றித் தந்தார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு போவோம். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். காலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, கூரையை மடித்து வைத்துவிட்டு இறங்குவோம். அவள் சேலைத் தலைப்பால் தலையை இறுக்கிக் கட்டி, முன்சீட்டில் ராசாத்தியாக இருப்பாள். சீனக்குடா கழிந்து கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் கடல் காற்று அடிக்கும். பிறகு மூதூர். அதற்குப் பிறகு வயல், வயல், வயல். வெயில் மண்டையைப் பிளக்கும். கொக்குகள் எழும்பும். வழியில் நிற்கிற சனம் கைகாட்டும், அவளும் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் கைகாட்டுவாள்.

அந்தக் காரில் ஒரு குறை, ரகசியம் பேச ஏலாது. காற்றின் இரைச்சலில் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்லவேண்டும். நான் வீட்டில் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களோடு வயர்லஸ்ஸில் கதைப்பதுதான் என்னுடைய வேலையாக இருந்தது. நாள் முழுக்க அதில் கதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மனம் வராது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்பாள், அதற்கும் பதில் சொல்லமாட்டேன். ஆனால் காரில் ஏறி ஊரைத் தாண்டிவிட்டால் எனக்கு என்னவோ செய்யும். இரவு நேரக் கடமையில் பயந்தது, பாதிக் குடியில் கப்பல் ஓட்டி வந்த கப்டனோடு சண்டை பிடித்தது, சின்ன வயதில் என் அம்மா அடித்தது, எல்லாவற்றையும் ரோட்டு நீளத்துக்குக் கத்திக்கொண்டு போவேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிலநேரம் கண்ணைத் துடைப்பாள். நான் அது காற்றில் பறந்த தூசி என்று நினைத்தேன்.

மாமா பொழுது ஏறும் முன்னமே படலைக்கு வந்து நிற்பார். மகள் இறங்கியதும் முதலில் அவளுடைய முகத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் எனக்குப் போதும். இந்தப் பழைய தகரத்தை விற்றுவிட்டு, ஏசி போட்ட யப்பான் கார் ஒன்று வாங்குங்கள் என்று கொழும்பில் இருக்கிற எங்கள் மகள் ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். உன் அம்மாவை அதற்குள் அடைத்துக் கொண்டுபோக என்னால் ஏலாது என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பேன். மாரியில் மட்டும் போவதில்லை. மழைக்குக் கூரையை மூடவேண்டும், மூடினால் அவளுக்கு ஏலாது. மாமாவுக்கும் அது தெரியும். தை பிறக்கட்டும், வாருங்கள் என்பார்.

போன மார்கழியில் அவருடைய பக்கத்து வளவுக்காரர் போன் எடுத்தார். மாமா வயல் வரம்பில் விழுந்துவிட்டார், சாப்பாடு இறங்கவில்லை, மகளைக் கேட்கிறார் என்றார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. திறந்துகொண்டு போனால் நனைந்து விறைத்துவிடுவாள், மூடிக்கொண்டு போனால் இரண்டு மணித்தியாலமும் சத்தி எடுத்தே சோர்ந்துபோவாள். மழை கொஞ்சம் விடட்டும் என்று சொல்லித் திரும்பிப் பார்த்தேன். அவள் உடுத்து, பையோடு போய், மூடிய கூரைக்குக் கீழே முன்சீட்டில் இருந்துவிட்டாள். “எடுங்கோ” என்றாள்.

தேசிக்காய், துவாய், ஷொப்பிங் பைகள் எல்லாம் அவளுடைய மடியில் போட்டுவிட்டு எடுத்தேன். கூரையில் மழை அடித்தது. தையல் ஒன்றால் தண்ணீர் சொட்ட, அவள் தண்ணீர்ப் போத்தலின் மூடியைப் பிடித்து ஏந்திக்கொண்டு இருந்தாள். நான் பாதையைப் பார்த்ததைவிட அவளுடைய முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். சீனக்குடா போனது. கிண்ணியா போனது. மூதூரும் போனது. ஒன்றும் வரவில்லை. துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது, அதுதான் சத்திகூட வரவில்லை என்று நினைத்தேன். வழி நெடுக ஒருவரோடொருவர் ஒரு சொல் கதைக்கவில்லை.

மாமா அவளை அடையாளம் கண்டார். அவளுடைய கையால் கஞ்சி குடித்தார். என்னைப் பார்த்து, “கார் ஒழுகுதோ தம்பி?” என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். அப்படியென்றால் மழை விட்டபிறகு போங்கோ என்றார். நாங்கள் நின்றோம். இரண்டு மூன்று நாளில், ஒரு மத்தியானம், மகள் தலைமாட்டில் இருக்கும்போதே போய்விட்டார். நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்ற ஒரே ஆறுதல்தான் எனக்கு.

எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவும் முடித்து, வீட்டைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வளவுக்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். மழை இன்னும் விடவில்லை, கூரை மூடித்தான் இருந்தது. அவள் வெளியே பார்த்தபடி இருந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று எனக்கு. ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள் நான். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“இனி இந்தக் காரோட மாரடிக்கத் தேவையில்லை. வித்துப்போடுவம். உமக்கு இனி இவ்வளவு தூரம் வரவேண்டிய தேவை இல்லைத்தானே.”

அவள் கண்ணாடியில் படிந்த ஆவியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“எனக்கு சத்தி நிண்டு கனகாலம்.”

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். சில வருசங்களுக்கு முன், நான் வீட்டில் இல்லாத ஒருநாள், பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டதற்காக மூடிய வான் வண்டியில் கோயிலுக்குப் போனாளாம். தேசிக்காயை மூக்கில் வைத்தபடி இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தாளாம். வரவில்லை. பிறகு சோதித்துப் பார்க்கக் கிண்ணியாவுக்கு பஸ்ஸிலும் போய்வந்தாளாம், சீலைத் துணி எடுக்கிற சாட்டில். அப்போதும் வரவில்லை.

எனக்கு மான் தின்ற கூரையும் பற்பசையும் எறும்பும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்து கண்முன் நின்றன. கொஞ்சம் கோபமும் வந்தது.

“அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் காரை வித்துப்போடுவியள்.”

“வித்தால் என்ன?”

“வீட்டில நீங்கள் கதைக்கிறேல்லை” என்றாள். “இதுக்குள்ளதான் கதைக்கிறனீங்கள். இதை வித்துப்போட்டு நான் ஆரோட கதைக்கிறது?”

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அப்பா போன வீட்டில் இருந்து வருகிறவள், மிச்சம் இருப்பதைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். மூடிய காருக்குள் கத்தவேண்டிய தேவையும் இல்லை, மெதுவாகச் சொன்னாலே கேட்டிருக்கும். அப்படி இருந்தும் என் வாயில் ஒரு சொல் வரவில்லை.

கங்கைப் பாலத்துக்குக் கிட்ட வந்தபோது மழை தூறலாகக் குறைந்திருந்தது. காரை ஓரத்தில் நிற்பாட்டி இறங்கினேன். கொக்கிகளைக் கழற்றி, நனைந்த கூரையை மடித்துப் பின்னுக்குத் தள்ளினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் கட்டினாள்.

பாலத்தில் ஏறினோம். காற்றும் தூறலும் முகத்தில் அடித்தன. எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கீழே ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. கங்கையில தண்ணி கூடிப்போச்சு என்றேன். அவள் காதை என் பக்கம் சாய்த்தாள்.

“கேக்கேல்லை” என்றாள். “பலமாச் சொல்லுங்கோ.”

பலமாகச் சொன்னேன்.