இடப்பக்கம் கிடக்கும் அரைநிலா

என் மேசையின் இடது ஓரத்தில் உள்ளங்கையளவு மரத்துண்டு ஒன்று கிடக்கிறது. அரைநிலா வடிவம். வளைவின் ஒரு முனை உடைந்து, உள்ளிருக்கும் வெளுத்த மரம் தெரியும். வீட்டைத் துடைக்க வரும் பெண் அதைக் காற்றில் பறக்கும் தாள்களின் மேல் பாரமாக வைத்துவிட்டுப் போவாள். அவள் போனதும் நான் அதை இடப்பக்கத்துக்கே நகர்த்திவிடுவேன். ஆண்டுக்கணக்கில் எங்களுக்குள் இந்தப் பேச்சில்லாத வழக்கு நடந்துவருகிறது. அத்துண்டை என் கையில் கொடுத்தவர் மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் வேலை பார்த்த தாய். அவரை நான் மூன்று முறைதான் சந்தித்தேன். ஆனாலும் என் தொழிலில் யாருக்கு நான் கடன்பட்டவள் என்று கேட்டால், அவரைத்தான் முதலில் சொல்வேன்.

அறுபதுகளின் முற்பகுதி அது. குழந்தை உளவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த நான், ஓராண்டுக் களப்பயிற்சிக்காகக் கொச்சிக்கு வந்திருந்தேன். மட்டாஞ்சேரியில் ஒரு தரும மருத்துவமனையின் மாடியில் குழந்தைகளுக்கான மனநல நிலையம் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் அங்கே, இரண்டு நாள் சுற்றுவட்டாரப் பள்ளிகளில். காலையில் எர்ணாகுளத்தில் படகேறி, தோல்பையில் நிறுத்துக் கடிகாரத்துடன் மட்டாஞ்சேரித் துறையில் இறங்கும்போது, உலகத்தின் கோணல்களில் பாதியையாவது நேராக்கப் போகிறவளைப் போன்ற நடை எனக்கு இருந்திருக்க வேண்டும். படித்த படிப்பு சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை. தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை மட்டும் நான் அதுவரை எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை நிலையத்துக்கு அனுப்பினார். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம், தந்தை இறந்துவிட்டார். வகுப்பில் வாய் திறப்பதில்லை, எழுதுவதும் மெதுவாக. அவளைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா, பெயரை எடுத்துவிடலாமா என்பது எங்கள் அறிக்கையைப் பொறுத்தது என்று கடிதத்தில் எழுதியிருந்தார். பத்து வடிவங்கள் குடையப்பட்ட பலகையை அவள் முன்னே வைத்தேன். உரிய துண்டுகளை உரிய குழிகளில் வேகமாகப் பொருத்த வேண்டும், மூன்று வாய்ப்பு. விதிப்புத்தகத்தில் இருக்கும் வாக்கியங்களுக்கு மேல் ஒரு சொல்லும் பேசக்கூடாது, அவையும் மலையாளத்தில். மூன்று முறையும் ஒன்பது துண்டுகளைப் பிசகாமல் வைத்தாள். பத்தாவதாகிய அரைநிலாவை எடுத்துத் திருப்பிப் பார்த்து, பலகைக்கு இடப்பக்கம் தனியே வைத்துவிட்டுக் கைகளை மடியில் சேர்த்துக்கொண்டாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். குறித்த நேரம் தாண்டியது. ‘முடிக்கவில்லை’ என்று மூன்று முறை எழுதினேன். அடுத்து மலையாளத்தில் கேட்ட கேள்விகளுக்கும் பெரும்பாலும் மௌனம்தான். அறிவு வளர்ச்சி வயதுக்கு மிகக் குறைவு, பொது வகுப்புக்கு ஏற்றவள் அல்ல என்று முடித்துக் கையெழுத்திட்டு, பள்ளிக்கு அனுப்பினேன்.

எங்கள் நிலையத்தின் டாக்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அறிக்கையில் கையெழுத்திட்டவரே பெற்றோரைக் கூப்பிட்டு, சோதனைப் பொருள்களை அவர் முன்னே பரப்பி, முகம் பார்த்து முடிவைச் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வருபவர்கள் அஞ்சியது இந்த ஒன்றுக்குத்தான். நான் அஞ்சவில்லை.

கிடங்கில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அந்தத் தாய் வந்தார். விரல் நகங்களில் சுக்குத்தூள் வெளுத்திருந்தது. நான் பலகையை விரித்து, உங்கள் மகளால் இதை முடிக்க இயலவில்லை என்று தமிழில் தொடங்கினேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, கேட்பவருக்குச் சும்மா இருந்து பழக்கமில்லாததால், அவர் கைகள் துண்டுகளை எடுத்துப் பொருத்தத் தொடங்கின. ஒன்பது துண்டுகள் போய் அமர்ந்தன. அரைநிலாவை எடுத்தார், உடைந்த முனையைப் பெருவிரலால் தடவினார், பலகைக்கு இடப்பக்கம், மகள் வைத்த அதே இடத்தில் வைத்தார்.

ஏன் அதை வைக்கவில்லை என்று கேட்டேன்.

“அது பொட்டினதில்லா, டீச்சரே, உடைஞ்சது. பொட்டினதை நல்லதோட சேப்பாங்களா? கேடு எல்லாம் இடது பக்கம் போகணும்.”

“உங்கள் மகளும் இப்படித்தான் செய்தாள்.”

“செய்வா. பள்ளி விட்டா நேரே என்கிட்ட வந்து பொறுக்க உக்காந்துருவாளே.” பலகையின் காலிக் குழியை விரலால் தொட்டார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்: “பலகையில கேடு வச்சிட்டு, எம் புள்ளையிலயா கேடுன்னு எழுதினீங்க?”

மறுநாள் அவருடைய கிடங்குக்குப் போனேன். முற்றத்தில் சுக்கு காய்ந்துகொண்டிருக்க, நிழலில் பெண்கள் வரிசையாக அமர்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முழுதானது வலப்பக்கக் கூடைக்கு. ஒடிந்ததும் புழு துளைத்ததும் இடப்பக்கம். துளை விழுந்த ஒரு துண்டு நல்ல கூடையில் அகப்பட்டால் மேஸ்திரி கூடை முழுவதையும் கொட்டி மறுபடி பொறுக்கச் சொல்வார். நானும் உட்கார்ந்து பொறுக்கிப் பார்த்தேன். என் கூடையிலிருந்து அந்தத் தாய் ஒரு துண்டை எடுத்து, ஊசிமுனையளவு துளையைக் காட்டினார்.

“டீச்சருக்கு மூணு தடவை தரலாம். அப்புறம் நான் ரிப்போர்ட் எழுதிருவேன்.”

வரிசை முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். மூன்றாவது முறையும் எனக்குத் தவறியது.

பள்ளி முடிந்து சிறுமி வந்தாள். தாயின் அருகே அமர்ந்து, எவரும் சொல்லாமலே வேலையைத் தொடங்கினாள். அந்தக் கண்களின் கூர்மையை என் பலகை அளக்கவில்லை, தண்டித்திருந்தது. என் பதிவுத்தாளின் ஓரத்தில் ‘ஒரு துண்டை ஒதுக்கினாள்’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. கண்டிருக்கிறேன், எழுதியிருக்கிறேன், ஏன் என்று கேட்கவில்லை.

வேறு சோதனைகளைத் தமிழில் நடத்தினேன். படத்தைக் காட்டிக் கதை கேட்டால் நிறுத்தாமல் சொன்னாள். வயதுக்குரிய அறிவில் அவளிடம் ஒரு குறையும் இல்லை. முதல் அறிக்கை தவறு, தவறு என்னுடையது என்று தொடங்கும் இரண்டாவது அறிக்கையை டாக்டரின் மேசையில் வைத்தேன். பாலக்காட்டுக்காரர், கோபத்தையும் சாவதானமாகத்தான் காட்டுவார்.

“நீயே எழுதி நீயே வெட்டறயா? இது உன் பயிற்சிக் கோப்போட பல்கலைக்கழகத்துக்குப் போகும். பட்டம் குடுக்கறவா கேள்வி கேப்பா.”

“கேட்கட்டும், சார். அவளுடைய கோப்பில் முதல் அறிக்கை மட்டும் இருந்தால் அவளை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.”

அவர் அரைநிலாவை எடுத்து விளக்கருகே பிடித்துப் பார்த்தார். “ரெண்டு வருஷமா இது இப்படித்தான் இருக்கு. நானும் பாத்துண்டுதான் இருந்தேன்” என்றார். பிறகு என் பெயருக்குக் கீழே தம் கையெழுத்தையும் இட்டார்.

அறிக்கையை நானே பள்ளிக்குக் கொண்டுபோனேன். பெயரை எடுக்கும் ஆணையைத் தலைமையாசிரியை எழுதி வைத்திருந்தார். இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் உங்கள் கையெழுத்துத்தானே, எதை நம்புவது என்று மலையாளத்தில் கேட்டார். வெட்கப்பட்டுக் கையெழுத்திட்டதை நம்புங்கள் என்றேன். அவர் ஆணையைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

நிலையத்தின் பழைய தாள்களையும் புரட்டினேன். அரைநிலாவில் தடுக்கி நின்ற பிள்ளைகள் வேறு சிலரும் இருந்தார்கள். கிடங்குத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களை ஒவ்வொருவராகத் தேடி மறுபடி பார்த்தோம். ஒரு பெயருக்கு மட்டும் வீடு கிடைக்கவில்லை; குடும்பம் ஊர் மாறிப் போயிருந்தது. அந்தப் பெயர் எனக்கு இன்றும் மனப்பாடம். பல்கலைக்கழகம் கேட்கத்தான் செய்தது. பயிற்சியை அரையாண்டு நீட்டித்தது. அந்த அரையாண்டில் படித்தவைதான் என்னைக் காப்பாற்றி வந்திருக்கின்றன. அச்சிறுமி பள்ளியிறுதி வரை படித்தாள் என்று பின்னர் டாக்டர் எழுதியிருந்தார். கடைசிவரை அவள் வேகமானவளாக ஆகவில்லையாம். அவசியமும் இல்லை.

தாயை மூன்றாம் முறை கண்டது, புதிய முடிவைச் சொல்ல அழைத்த நாளில். தச்சர் செதுக்கிய புதிய அரைநிலா பலகையில் பொருந்தியிருந்தது. பழையது பக்கத்தில் கிடந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய துண்டை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மடக்கினார்.

“இதைப் பொட்டியில திருப்பிப் போட்றாதீங்க, டீச்சரே. ஆராச்சும் அறியாம எடுத்து வேறொரு புள்ளைக்கு வச்சிருவாங்க.”

இன்று காலையும் வேலைக்காரப் பெண் அதைத் தாள்களின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அடியில் இருந்தது, என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தி ஒரு பிள்ளையைச் சோதித்து எழுதிக் கொண்டுவந்த அறிக்கை. அதன் முடிவில் என் கையெழுத்து மட்டும் பாக்கி. துண்டை எடுத்து இடப்பக்கம் வைத்தேன். பிறகு பேனாவை மூடிவிட்டு, அந்தப் பிள்ளையின் தாயை வரச்சொல்லி ஆளனுப்பினேன்.