முப்பத்தஞ்சு வந்தா ஒரு டீ

கோபோல் என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு நல்ல சேதி எப்போதும் இரண்டு சைபர்தான். ஃபைலைத் தொட்டதும் 00 வந்தால் சுபம். வேறு எந்த எண் வந்தாலும் நமக்கு போன் வரும். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில், முன்கூட்டியே பேர் பதிந்த விவசாயிகளின் மரவள்ளி லோடுகளைச் சரிபார்த்து உள்ளே விடும் பழைய புரோகிராம் என் தலையில் விழுந்தது. உங்களில் இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

சுவரில் ஒட்டிய தாள்

ஆரம்பத்தில் வெறும் எண்ணைத்தான் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். 35 என்றால் ஃபைலையே காணோம். 41 என்றால் திறந்திருக்கிற ஃபைலையே மறுபடி திறக்கிறோம். ஆபீஸ் கிளார்க் பச்சையப்பன் அண்ணன் எலவனாசூர்கோட்டைக்காரர், எதற்கும் பதறாதவர். எண் வந்தால் எனக்கு போனில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். நான் வீட்டிலிருந்தே சரிசெய்து முடிப்பதற்கும் அவர் திரும்பி வருவதற்கும் சரியாக இருக்கும். ஒருநாள் நேரில் போனால், எண்களைக் கைப்பட எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். என்னண்ணா இது என்றேன்.

"முப்பத்தஞ்சு வந்தா ஒரு டீ மேடம். நாப்பத்தொண்ணு வந்தா சாப்ட்டுட்டே வந்துடலாம்."

மனுசன் மாதிரி

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எண்களை எடுத்துவிட்டுத் தமிழில் வாக்கியம் போட்டேன். பதிவைத் தேடி 23 வந்தால் ‘பதிவு இல்லை’. மற்ற எண்களுக்கும் ஒவ்வொன்றாக எழுதச் சோம்பல். 00 தவிர எது வந்தாலும் ‘பதிவு இல்லை’ என்றே காட்டும்படி செய்துவிட்டேன். நீங்களும் செய்திருப்பீர்கள், மறைக்காதீர்கள். பச்சையப்பன் அண்ணனுக்கு ஏக சந்தோஷம்.

"இப்பதான் மேடம் மனுசன் மாதிரி பேசுது."

அலமேலு அம்மாவின் லோடு

பிரிண்டர் மாட்ட ஆலைக்குப் போன ஒருநாள், கேட்டில் ஒரு டெம்போ நின்றது. கல்வராயன்மலையிலிருந்து அலமேலு என்கிற அம்மா, முந்தின நாள் பிடுங்கிய கிழங்கோடு வந்து காலையிலிருந்து காத்திருக்கிறார். கேட் கம்ப்யூட்டர் ‘பதிவு இல்லை’ என்கிறது. பதியாத லோடை உள்ளே விட மாட்டார்கள். கிழங்கு வெயிலில் கிடந்தால் மாவுச்சத்து குறையும், அதற்கேற்ப விலையும் குறையும். பத்து மாதப் பாடு டெம்போவில் காய்ந்துகொண்டிருந்தது. "போன மாசம் நானே வந்து எழுதிட்டுப் போனேன்மா" என்றார்.

உள்ளே வந்த எண்ணைத் தோண்டிப் பார்த்தேன். 23 இல்லை, 51. அதாவது பதிவு பத்திரமாக இருக்கிறது, வேறு யாரோ அதைத் திறந்து வைத்திருப்பதால் பூட்டியிருக்கிறது. ஆபீஸ் அறைக்கு ஓடினேன். அந்த அம்மாவின் போன் நம்பரைத் திருத்தத் திறந்த பச்சையப்பன் அண்ணன், அதைப் பாதியில் விட்டுவிட்டுக் களமருதூரில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

அந்தப் பதிவை மூடினேன். 00 வந்தது, டெம்போ உள்ளே போனது. சத்து பார்த்தவர் இரண்டு பாயிண்ட் குறைத்து எழுதினார். அலமேலு அம்மாவிடம் போனேன். உங்கள் பேர் இருந்தது, இல்லையென்று சொல்ல வைத்தது நான்தான், மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்த அம்மா சண்டை பிடிக்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்ல இல்லன்னு சொல்லிக்கினே இருந்துச்சே, ஒரு தபாவாச்சும் தேடிப் பாத்துச்சாமா?"

இப்போதெல்லாம் புரியாத எண் வந்தால் என் புரோகிராம் அந்த எண்ணையும் காட்டி, ‘எனக்குத் தெரியவில்லை, மேடத்தைக் கூப்பிடுங்கள்’ என்று உண்மையைச் சொல்லிவிடுகிறது, பச்சையப்பன் அண்ணனும் என்னைக் கூப்பிட்டுவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போகிறார்.