மண் தின்ற ஆடு

சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரி என்னும் செம்மணல் மேட்டில் அண்ணாச்சி ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஒடிசலான மனிதர். நடக்கும்போதே காலால் மணலைக் கிளறி, புல்வேர் இருக்கிறதா என்று பார்ப்பார். சுற்று நிலங்களுக்கெல்லாம் வேலி போட்டுவிட்டதால், ஊர் ஆடுகள் அத்தனையும் அந்த ஒரே மேட்டில்தான் மேய்ந்தன.

நான் அவரைப் பார்க்கப் போன அன்று காலை ஒரு சினையாடு செத்துப்போயிருந்தது. காரணம் தெரிய வயிற்றைக் கீறினார். உள்ளே செம்மணல் கட்டியாக இருந்தது.

"புல்லு கட்டையாயிட்டு தம்பி. வேரோட மண்ணையும் சேத்துல்லா திங்குது."

"கொஞ்ச நாளு இந்த மேட்ட சும்மா விட்டா புல்லு வராதா அண்ணாச்சி?"

"வரும். அதுவரைக்கும் இதுகள எங்கன கொண்டு போவேன்? நான் விட்டாலும் அடுத்தவன் ஓட்டிட்டு வருவாம்லா."

குழி தோண்டச் சிரமமே இல்லை. மணல் அவ்வளவு இளகிக் கிடந்தது. புதைத்துவிட்டு, மிச்ச ஆடுகளை அதே மேட்டுக்கு ஓட்டினார்.