போல்ட்டுக்கு அடியில் இருந்த பெயிண்ட்

அவலூர்ப்பேட்டை ரோட்டில் லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் கோதண்டராமனுக்கு ஒரு சித்தர் உபதேசம் செய்திருக்கிறார் என்று திருவண்ணாமலையில் ஒரு பேச்சு உண்டு. செல்ஃப் எடுக்காத வண்டி எது வந்தாலும் அவர் முதலில் சாவியைத் தொடமாட்டார், பேட்டரியையும் தொடமாட்டார். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்து, சேஸ் இரும்பில் ஓர் இடத்தை வெள்ளை வெளேரென்று ஆகும்வரை தேய்ப்பார். கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் வெளியே வந்து, “இப்ப சொல்லு, இன்னா கோளாறு?” என்பார்.

இந்த ஊரில் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலே யாராவது வந்து காலில் விழுந்துவிடுவார்கள். படுத்துக்கொண்டு இரும்பைத் தேய்க்கிறவரைச் சும்மா விடுவார்களா? டீக்கடையில் விசாரித்தால், மலையிலிருந்து இறங்கி வந்த சித்தர் உப்புத்தாளைக் கையில் கொடுத்துவிட்டு மறைந்துபோனார் என்றார்கள். உப்புத்தாள் விற்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், சித்தரெல்லாம் கிடையாது, ஜோசியர் சொன்ன சனிப் பரிகாரம் என்றார்கள். அவர் மனைவி சரசுவிடம் கேட்டதற்கு, “சோத்துத் தட்டையே சொரண்டிப் பாத்துட்டுத்தான் துண்றாரு. அது எந்தச் சித்தரு சொல்லிக் குடுத்தது?” என்று கேள்வி திரும்பி வந்தது.

கடைசிவரை தோண்டியதில் சித்தர் கிடைக்கவில்லை. சடையன் என்ற லாரி டிரைவர்தான் கிடைத்தான்.

ஊர் மாவட்டத் தலைநகரமாகி, வேங்கிக்கால் பக்கம் ஆபீசுகளும் வீடுகளும் முளைக்க ஆரம்பித்த காலம். செங்கல் ஏற்ற வண்டி போதவில்லை. காயலான் கடைக்குப் போகவேண்டிய லாரிகளுக்கெல்லாம் மறுவாழ்வு வந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த அர்ஜுனனும் அப்படியொரு கிழட்டு லாரியை வாங்கிப்போட்டார். அதற்கு டிரைவர், அடி அண்ணாமலையைச் சேர்ந்த சடையன். கிளீனர், சடையனுடைய மச்சான் கருப்பன். வயரிங் வேலைக்குக் கோதண்டராமன்.

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழுக்குப் போகும் லாரியை நம் ஆட்கள் பெண் பார்க்க வருகிற வீட்டைப் போல ஜோடிப்பார்கள். வண்டி ஓடுமா என்பது இரண்டாம் பட்சம், பளபளக்க வேண்டும். அந்த வருஷம் பெயிண்டர் கை தாராளம். சேஸ், போல்ட், பேட்டரிப் பெட்டி, பேட்டரியின் மேலிருந்த கம்பெனிப் பெயர், எல்லாவற்றின் மேலும் கறுப்பு. பெயிண்ட் காய்ந்ததும் வயர்களைத் திரும்ப மாட்டிக் கொடுத்தவர் கோதண்டராமன்.

பேட்டரியிலிருந்து புறப்படுகிற கரண்டு செல்ஃப் மோட்டாரைச் சுற்றிவிட்டு லாரியின் இரும்பு வழியாகவே வீடு திரும்பவேண்டும். அந்த வழியின் வாசல் ஒரே ஒரு எர்த் போல்ட். அதற்கடியில் வெறும் இரும்பு தெரிய வேண்டும். பெயிண்ட் இருந்தால் வாசல் சாத்தின மாதிரி. இது கோதண்டராமனுக்குத் தெரியாததல்ல. ஆனால் கண்ணாடி போல மின்னிக்கொண்டிருந்த புதுப் பெயிண்டைச் சுரண்ட அவருக்கு மனசு வரவில்லை. பெயிண்டின் மேலேயே வைத்து முடுக்கிவிட்டார்.

எஃப்.சி. வந்தது. கொஞ்ச நாளில் வண்டி படுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அதோடு சரி. கோதண்டராமன் வந்தார். டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பேட்டரியிலும் மறு முனையை இன்ஜினிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். விளக்கு செத்துப்போனது. இரண்டு முனையையும் பேட்டரியிலேயே வைத்துப் பார்த்திருந்தால் விளக்கு நின்று எரிந்திருக்கும், கதையும் வேறாகியிருக்கும். வைக்கவில்லை.

“பேட்டரி காலி மொதலாளி.”

“இன்னாபா சொல்ற? புதுசு வாங்கி ஆறு மாசம்கூட ஆவலியே!”

அங்கே கோதண்டராமன் வாயை மூடியிருக்கலாம். சொன்னதற்கு ஒரு கனம் இருக்கட்டுமே என்று ஒரு வரி சேர்த்தார். “அப்ப இது நீங்க வாங்கினதா இருக்காது. எவனோ மாத்தியிருக்கான்.”

அர்ஜுனன் சடையன் பக்கம் திரும்பினார். “எங்கடா வித்த?”

“மொதலாளி, கற்பூரம் கொளுத்தி சத்தியம் பண்றேன்…”

“கற்பூரம் பத்திக்கும்டா. வண்டிதான் பத்த மாட்டேங்குது.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சடையன் கோதண்டராமனைப் பார்த்தான். “அண்ணா, இன்னொரு வாட்டி பாத்து சொல்லுங்கண்ணா.”

“அதான் பாத்தாச்சே” என்றார் அவர்.

சடையன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அதன்பிறகு எந்த லாரிக்காரரும் அவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. ‘பேட்டரி சடையன்’ என்று பெயர் மட்டும் கொடுத்தார்கள். அதைச் செலவில்லாமல் கொடுக்கலாம்.

புதுப் பேட்டரி மாட்டும்போது எர்த் போல்ட்டை இன்னொரு சுற்று முடுக்கியதில் பெயிண்ட் லேசாகக் கீறி, வண்டி எடுத்துக்கொண்டது. கோதண்டராமன் சொன்னது வேதவாக்கானது. மழை வந்து, கீறல் துருப்பிடித்து, போளூர் ரோட்டில் மறுபடி அதே ‘டக்’. இந்தத் தடவை அவர் ரோட்டோரத்தில் படுத்து போல்ட்டைக் கழற்றினார். அடியில் பெயிண்ட் வட்டமாக, ஈரம் காயாதது போல மின்னியது. உப்புத்தாளால் தேய்த்தார். என்ன கோளாறு என்று கேட்ட அர்ஜுனனிடம், “செல்ஃப்ல கார்பன் தேஞ்சிருந்தது” என்றார்.

அன்றே சொல்லியிருக்கலாம். தொழில்காரன் பேர் போய்விடும் என்று நாளைக்குத் தள்ளினார். நாளை என்பது அவ்வளவு நீளமாக வளரும் என்று யாருக்குத் தெரியும்? கழித்துப்போட்ட அந்தச் ‘செத்த’ பேட்டரியை அவரே கடைக்கு எடுத்து வந்திருந்தார். கரண்டு போகும்போதெல்லாம் அது அவர் தலைக்கு மேல் விளக்கை எரித்தது. மூன்று வருஷம் எரித்தது. அது எரிந்தால் அவர் வாசலில் போய் நின்றுகொள்வார்.

சடையன் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் இளநீர் வண்டி போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டும் போகாமலே வருஷங்கள் ஓடின. அர்ஜுனன் லாரியை விற்று, மண்டியையும் மூடிவிட்ட பிறகு, ஒரு மத்தியானம் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்: ‘நீ மாத்தலடா, தப்பு என்னுது.’

“அண்ணா! வாங்கண்ணா. வழுக்கையா, தண்ணியா?” தலை நரைத்திருந்த சடையன் காயைச் சீவ ஆரம்பித்துவிட்டான்.

“சடையா, அந்தப் பேட்டரி விஷயம்…”

“அட, விடுங்கண்ணா. நீங்க இன்னா பண்ணுவீங்க? கண்ல கண்டதைச் சொன்னீங்க. நான் மாத்தலன்னு எனக்குத் தெரியும். அப்ப யாரு மாத்தியிருப்பான்? வண்டில இருந்ததே நாங்க ரெண்டு பேரு.”

கோதண்டராமனுக்கு உடனே புரியவில்லை.

“கருப்பன்தாண்ணா. என் மச்சான். அன்னிக்கே வூட்டு வாசப்படி மிதிக்காதடான்னுட்டேன். எம் பொண்டாட்டி அழுது பாத்தா. மாமியா செத்தப்பகூட அவன் ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம் நின்னுதான் எடுத்தோம். நீங்க மட்டும் சொல்லலைனா அவன் யோக்யதை எனக்குத் தெரிஞ்சிருக்குமா?” என்று சொல்லி, சடையன் இளநீரை இரண்டு கையாலும் நீட்டினான்.

ஒரு வார்த்தையைத் திருப்பிக் கொடுக்க வந்தவருக்கு, அது குட்டி போட்டுக் குடும்பத்தையே தின்றிருப்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது சொன்னால் சடையனுக்குத் தன் நல்ல பெயர் கிடைக்கும். கூடவே, ஒரு பாவமும் அறியாத மச்சானைத் தாயின் பிணத்தருகே ஒதுக்கி நிறுத்தியவன் என்ற பெயரும் கிடைக்கும். கோதண்டராமன் குடித்தார். வாயில் தண்ணீர் இருக்கும்வரை பேச வேண்டியதில்லை. அதற்குள் ஒரு வேன் வந்து நின்று, பத்துப் பேர் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினார். “சில்லறை இல்லண்ணா, அப்புறமா குடுங்க. எங்க ஓடிப்போவப் போறீங்க?” என்றான் சடையன், அரிவாளை ஓங்கியபடியே.

அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாமே என்று சரசு இரண்டு மூன்று தரம் சொல்லிவிட்டாள். அவர் வேண்டாம், நானே போய்க் கொடுக்கிறேன் என்கிறார். சட்டை மாற்றும்போது அதற்கென்று எடுத்து வைத்த சில்லறையையும் மறக்காமல் மாற்றி வைத்துக்கொள்கிறார். இளநீர்க் காசு இன்னும் பாக்கிதான்.