அண்ணன் என்னிடம் விட்டுச் சென்ற வாக்குமூலம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அவருடைய நல்ல குணங்களை மட்டும் எழுதினால் போதும் என்று குடும்பத்தில் பலர் சொன்னார்கள். நல்ல குணங்கள் அவருக்கு நிறையவே உண்டு. ஆனால் முழுவதையும் எழுதச் சொன்னவர் அண்ணனேதான்.

திருப்பத்தூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அண்ணன் பிறந்தார். அப்பா அதே ஊர் ஆரம்பப் பள்ளியில் தலைமை ஆசிரியர். அண்ணனுக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். இடையில் பிறந்த இருவர் தங்கவில்லை. அதனாலோ என்னவோ, அண்ணன் என்னைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். என்னை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று அம்மாவிடம் மூன்று நாள் சாப்பிடாமல் சண்டை போட்டவரும் அவர்.

எழுபதுகளின் தொடக்கத்தில், கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் படிப்பைப் பாதியில் விட்டு ஊருக்கு வந்தார். சீனாவில் கலாச்சாரப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம். அங்கிருந்து வரும் வழவழப்பான படப் பத்திரிகைகள் அவர் பெட்டி நிறைய இருக்கும். வயலில் சிரிக்கும் பெண்கள், சிவப்புப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் பள்ளி மாணவர்கள். "பாரு பாப்பா, அங்க வாத்தியாரையே புள்ளைங்க கேள்வி கேக்கறாங்க. நம்ம ஊர்லயும் இது வரும்" என்பார். அண்ணன் சொன்ன எதையும் நான் நம்பாமல் இருந்ததில்லை.

சீனாவைப் பின்பற்றிய ஒரு தலைமறைவு இயக்கத்தில் அண்ணன் சேர்ந்திருந்தார். அவர் குழுவைச் சேர்ந்த தோழர் ஒருவர் ஏலகிரி அடிவாரத்தில் ஒளிந்திருந்தார். ஒருநாள் போலீஸ் நேராக அங்கே போய் அவரைப் பிடித்தது. அடித்த அடியில் அவருடைய இடது கால் கடைசிவரை சரியாகவில்லை. யார் காட்டிக் கொடுத்தது என்ற கேள்வி எழுந்தது. ஒரு வாரம் கழித்துப் இயக்கத்தார் பள்ளி மைதானத்தில் ஊரைக் கூட்டி அப்பாவை நடுவில் நிற்கவைத்தார்கள். அண்ணன் ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். "இந்த ஆள் நம்ம தோழரைப் போலீஸ்ல காட்டிக் கொடுத்தவர். இன்னையிலேர்ந்து இவர் எனக்கு அப்பா இல்ல."

"நான் சொல்லலப்பா" என்று அப்பா ஒரே ஒருமுறை சொன்னார்.

அன்று முதல் அப்பா ஊருக்கு 'ஆள்காட்டி வாத்தியார்' ஆனார். பிள்ளைகளே அப்படிக் கூப்பிட்டார்கள். அம்மா அவருக்குச் சோறு போட்டார், ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை. பன்னிரண்டு வயதில் நானும் ஒரு மாதம் அப்பாவிடம் பேசவில்லை. நான்கு ஆண்டுகளில் அப்பா போய்ச் சேர்ந்தார். அண்ணன் அப்போது இயக்க வழக்கில் சிறையில் இருந்தார்.

வெளியே வந்தபோது இயக்கம் சிதறியிருந்தது. அண்ணன் பைப் ஃபிட்டிங் கற்றுக்கொண்டு வளைகுடாவில் உள்ள ஜுபைலுக்குப் போனார். நான் நர்சிங் படித்தது அவருடைய உழைப்பில்தான். எனக்குத் திருமணமாகி, நானும் கணவரும் புஜைராவுக்கு வந்த பிறகு, அவர் அதே நாட்டில் உள்ள ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்தார். தொழிலாளர் கேம்பில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அண்ணன்தான். லீவில் போகிறவர்களை ஏர்போர்ட் வரை கொண்டுபோய் விடுவார். அவர் மட்டும் ஊருக்குப் போவது அபூர்வம். திருமணமும் செய்துகொள்ளவில்லை.

அந்தக் கிடங்கில் இயந்திரங்களைப் பொருத்த ஒரு சீனர் வந்தார். பெயர் சென். அண்ணன் வயதுதான். கேண்டீனில் அண்ணன், இளமையில் மனப்பாடம் செய்திருந்த சீன முழக்கம் ஒன்றைச் சொல்லிக் காட்டியிருக்கிறார். சென் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அண்ணனின் அறைக்கு அவரே வந்தார். உடைந்த ஆங்கிலத்திலும் கிடங்கில் பழகிய இந்தியிலுமாக அவர் சொன்னதை, அண்ணன் சொன்னபடியே எழுதுகிறேன்.

சென்னின் தாயார் பள்ளி ஆசிரியை. வீட்டில் அவர் தலைவரைக் குறைசொல்லி ஏதோ பேசியதைப் பதினான்கு வயது சென் பள்ளியில் போய்ச் சொல்லிவிட்டார். மேடையில் தாயாரை மண்டியிட வைத்து, குற்றப் பத்திரிகையை மகனையே படிக்க வைத்தார்கள். அந்தக் குளிர்காலத்தைத் தாயார் தாண்டவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. விசாரணை தவறு, தாயாரின் பெயரில் இனிக் களங்கமில்லை என்று அதில் இருந்தது. சென் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். தாயாரை அடித்தவர்கள் இன்றும் அதே தெருவில் இருக்கிறார்கள். புத்தாண்டுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சென்னின் மகனுக்கே தெரியாது.

"ஆனா படத்துல எல்லாரும் சிரிச்சாங்களே?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

"பாய், ஒரு படத்துல நானும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். அம்மா செத்து ஒரு மாசம்கூட ஆகல."

அதற்கு அடுத்த வெள்ளியன்று அண்ணன் புஜைராவுக்கு என் வீட்டுக்கு வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர், இலையில் கை வைக்காமல் சென்னின் கதை முழுவதையும் சொன்னார்.

"ஏமாத்திட்டாங்க பாப்பா. என் வயசு மொத்தத்தையும் வாங்கிக்கிட்டு ஏமாத்திட்டாங்க" என்றார்.

"நீ ஏமாந்துட்ட, சரி. அப்பா பண்ணதும் தப்புதானே?" என்றேன் நான்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "அப்பா சொல்லல. நான்தான் சொன்னேன்."

தோழர் பிடிபடுவதற்குச் சற்று முன், கோயம்புத்தூர் போவதாகச் சொல்லிவிட்டுப் போன இரண்டு நாளும் அவர் வாணியம்பாடியில் போலீஸ் பிடியில் இருந்திருக்கிறார். அடி தாங்காமல் இடத்தைச் சொல்லிவிட்டார். ஊருக்கு வந்ததும் தலைமைத் தோழரிடம் அதை ஒப்புக்கொண்டார். அவரோ, "இயக்கத்துக்கு நீ வேணும். வாத்தியார் வேணாம்" என்று சொல்லி, படிக்க வேண்டிய தாளையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அடி தாங்காமல் சொன்னதை நான் குற்றமாக நினைக்கவில்லை. நான் நர்ஸ். உடம்பு எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அம்மா சாகிற வரைக்கும் அப்பாவைச் சந்தேகப்பட்டுக்கிட்டே செத்தாங்கண்ணா. ஒரு வார்த்தை அவங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். "ஒரு சீனாக்காரன் வந்து அழுதாத்தான் உனக்கு வாய் திறக்குமா?"

"ஊருக்குப் போய்ச் சொல்லிடறேன்" என்றார்.

போனார். கால் ஊனமான அந்தத் தோழர் வாணியம்பாடி சாலையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். முதலில் அவரிடம் சொன்னார். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்குத் தெரியும்டா. ஸ்டேஷன்லயே சொன்னாங்க. நான் ஜாமீன்ல வந்தப்ப உங்கப்பா என் வீடு தேடி வந்து, நான் சொல்லலப்பான்னாரு. கட்சி பேசக் கூடாதுன்னுச்சு. நானும் பேசல. இப்ப எதுக்கு இதக் கிளறிக்கிட்டு? விடு."

அண்ணன் விட்டுவிட்டார். ஊரில் வேறு யாரிடமும் சொல்லாமல் திரும்பி வந்தார். "முடியல பாப்பா. நான் போனப்புறம் நீ எழுது" என்றார். அப்பா விஷயத்தில் இரண்டாம் முறையும் அவர் அதையே செய்தார். தான் சுமக்க வேண்டியதை இன்னொருவர் தலையில் வைத்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆண்டுக்கு ஒருமுறை விசிட் விசாவில் எங்களிடம் வருவார். கடைசியாக வந்தபோது பக்கவாதம் வந்தது. புஜைரா மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். நான்தான் ஊட்டினேன், நான்தான் துடைத்துவிட்டேன். மன்னித்துவிட்டாயா என்று கண்ணால் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் போர்வையைச் சரிசெய்துவிட்டு அடுத்த வாய் ஊட்டினேன்.

அந்த நாட்களில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், உடலை ஊருக்கு அனுப்ப அலுவலகம் அலுவலகமாக அலைந்த புஜைரா தமிழ் நண்பர்களுக்கும், வேலையை விட்டு ஓடிவந்த ஜெபல் அலி அறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி உடையது. செய்தி கேட்டதும் சீனாவிலிருந்து அழைத்த திரு. சென்னுக்கும் நன்றி.

திருப்பத்தூர்ப் பக்கம் இந்த மலரைப் பெறுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் அப்பா யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டில் இன்னும் அவரை அந்தப் பெயரால் சொல்லும் பெரியவர்கள் இருந்தால், கண் தெரியாதவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.