எல்லாம் பார்த்தாச்சு

லிஃப்ட் நின்றுவிட்டது என்று யார் கூப்பிட்டாலும் அந்த மெக்கானிக் முதலில் கேட்பது, கதவு சரியாக மூடியிருக்கிறதா என்றுதான். பாதிப் புகார்கள் அந்தக் கேள்வியோடு தீர்ந்துவிடும். அதைப் பார்க்காமல் மோட்டாரைக் கழற்றிப் போடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. வேலையில் அவ்வளவு நிதானமான மனிதர், வாய் விஷயத்தில் மட்டும் அவசரக்காரர். கல்யாணமான புதிதிலேயே மனைவி அதைக் கண்டுகொண்டாள்.

அவள் வீட்டிலேயே எம்பிராய்டரி மெஷின் போட்டு, பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பள்ளியின் சின்னத்தைத் தைத்துக் கொடுப்பவள். படத்தைத் தையலாக மாற்றித் தரும் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அது இருந்த லேப்டாப் திடீரென்று கண்ணை மூடிவிட்டது. புது லேப்டாப்போ அந்த சாஃப்ட்வேரை உள்ளேயே விடவில்லை. பள்ளி திறக்கப் போகிற நேரம். தைக்காத சட்டைகள் கட்டிலை அடைத்துக்கொண்டு கிடந்ததால் மகள் சோபாவில் தூங்கினாள்.

மெக்கானிக் கவலைப்படவில்லை. துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், கடையில் பழையதாக வாங்கிய ஒரு கம்ப்யூட்டரை அவர் சர்வராக ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டுப் புகைப்படமெல்லாம் அதில்தான். அதிலேயே ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டு, அதற்குள் பழைய விண்டோஸை ஏற்றிவிடலாம் என்றார். அப்படியென்றால் என்ன என்று மனைவி கேட்டாள். ஒரு கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் என்று விளக்கினார்.

"அப்போ பிரசவம் எப்போன்னு சொல்லுங்க. சட்டையை எல்லாம் எடுத்து வைக்கிறேன்" என்றாள் அவள்.

பிரசவம் லேசில் ஆகவில்லை. விர்ச்சுவல் மெஷினைத் தொடங்கினாலே, இந்தக் கம்ப்யூட்டரில் அதற்கான வசதி இல்லை என்று திரையில் எழுத்து வந்து நின்றது. சாஃப்ட்வேரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். வேறொன்றை இறக்கிப் பார்த்தார். இணையத்தில் தேடினார். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் ஒரு பொத்தானை அழுத்தினால் வரும் பயாஸ் பக்கத்தில் அந்த வசதி அணைந்திருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள் என்று யாரோ எழுதியிருந்தார்கள். படித்தார், தாண்டிப் போனார். அதெல்லாம் ஆன் செய்துதான் வைத்திருக்கிறேன் என்று விற்கும்போதே கடைக்காரம்மா சொல்லியிருந்தாள். சொல்லியும் ஓடவில்லை என்றால், அவள் அவர் தலையில் கட்டியது உதவாத பெட்டி. அவர் மனசு அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனார். பழைய கம்ப்யூட்டர்கள் கூரைவரை அடுக்கியிருந்த சின்னக் கடை. ஓரத்தில் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் மகளுக்காக ஒரு லேப்டாப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மவுஸ் வாங்க வந்தவர்கள் சிலர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி அவர் ஆரம்பித்தார். நம்பி வாங்கினதற்கு நல்லா நாமம் போட்டீங்க என்றார். குப்பையைத் துடைத்துப் பளபளப்பாக்கி விற்கிற இடம் இது என்றார்.

கடைக்காரம்மா குரலை உயர்த்தவில்லை.

"பயாஸ்ல அந்த செட்டிங் ஆன்ல இருக்கான்னு பாத்தீங்களா சார்?"

"எல்லாம் பாத்தாச்சு."

அவர் பார்க்கவில்லை. வாயிலிருந்து அது எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே தெரியாது. அப்படியானால் பெட்டியைக் கொண்டு வாருங்கள், நான் பார்க்கிறேன் என்றாள் அவள். திரும்பவும் ஏமாறுவதற்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பினார். லேப்டாப் பார்த்துக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் அதை மூடி வைத்துவிட்டு, அவருக்கு முன்னாலேயே படியிறங்கிப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து, கேட்கிற கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்று கை கால் கழுவுவதற்கு முன்பே பெருமையடித்தார். மனைவி நூலைக் கோர்த்தபடி, அந்தப் பொண்ணு பாவம் என்று மட்டும் சொன்னாள்.

சாப்பிட்டுவிட்டு, சர்வரையே பென்டிரைவிலிருந்து புதிதாக நிறுவிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தார். அதற்கு பயாஸுக்குள் போய்த்தான் ஆக வேண்டும். போனார். அந்த வரி பக்கத்தின் நடுவிலேயே இருந்தது. அணைந்திருந்தது.

பக்கத்தின் மூலையில் கடிகாரம் சரியான நேரம் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. வாங்கிய பிறகு ஒரு தடவை அந்தக் கடிகாரம் பின்தங்கிக்கொண்டே போனது. உள்ளே அதை ஓட்டுகிற பொத்தான் அளவு பேட்டரியை அவரே மாற்றினார். பேட்டரியைக் கழற்றினால் செய்துவைத்த மாற்றமெல்லாம் போய், செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கடைக்காரம்மா ஆன் செய்து கொடுத்ததை அணைத்தது அவர் கைதான்.

காது மடல் சுட்டது. வரியை மாற்றிச் சேமித்தார். விர்ச்சுவல் மெஷின் முனகாமல் எழுந்தது. பழைய விண்டோஸ் ஏறியது, சாஃப்ட்வேரும் ஏறியது. எம்பிராய்டரி மெஷின் முதல் சின்னத்தைத் தைத்து முடித்தபோது மகள் கைதட்டினாள். அவருக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

என்ன கோளாறு என்று மனைவி கேட்டாள். சொன்னார்.

"கடையில போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

நாளைக்கு என்றார். அந்த நாளை நகர்ந்துகொண்டே போனது. கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து வண்டியைச் சுற்றி ஓட்டினார். கடைக்கு எதிர்க் கட்டடத்தில் லிஃப்ட் பழுது என்று வந்த வேலையை வயிறு சரியில்லை என்று சொல்லி இன்னொருவர் தலையில் தள்ளினார். அந்த ஆள் வேலையை முடித்துவிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கறையாகப் போனில் விசாரித்தபோது, அவருக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது. அன்றைக்கே கடைக்குப் போனார்.

கடையில் யாரும் இல்லை. அதுவரைக்கும் நல்லது என்று நினைத்தார். தப்பு தன்மேல்தான், பேட்டரி மாற்றியதால் வந்தது, பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கடைக்காரம்மா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கவில்லை.

"அன்னிக்குக் கடை நிறைய ஆள் இருந்தாங்க சார். இன்னிக்கு நீங்களும் நானும்தான் இருக்கோம்."

அவர் போகவில்லை. நடமாட இடமில்லாத அந்தக் கடையில், ஒரு பிரிண்டருக்கும் கதவுக்கும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவளும் உட்காரச் சொல்லவில்லை. கடைசியில் கீபோர்டு வாங்க ஒரு பெரியவரும், அவருக்குப் பின்னால் கல்லூரிப் பெண்கள் சிலரும் வந்தார்கள். அவர்களைப் பார்த்து மெக்கானிக் சொன்னார்:

"இந்தக் கடையில எனக்கு நல்ல பொருள்தான் குடுத்தாங்க. நான்தான் கெடுத்தேன். கெடுத்துட்டு, இங்கயே வந்து இவங்களைக் கேவலமாப் பேசினேன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் அவரைப் பார்த்துவிட்டு, எழுத்து பெரிதாக இருக்கிற கீபோர்டு உண்டா என்று கேட்டார். கடைக்காரம்மா எடுத்துக் காட்டப் போனாள். போகிற போக்கில், சரி சார் என்றாள்.

அந்த லேப்டாப்பை வைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்தார்களா என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. மேஜையில் அதே லேப்டாப் இன்னும் இருந்தது.

அதற்குப் பிறகு, பழைய கம்ப்யூட்டர் எங்கே வாங்கலாம் என்று யார் கேட்டாலும் அவர் அந்தக் கடைக்கே கூட்டிக்கொண்டு போகிறார். கூட வந்தவரை உள்ளே அனுப்பிவிட்டு, அவர் மட்டும் தெருவில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.